எலும்புக்கூட்டுக்குப் பின்னால் ஒரு சூரியன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும், படச் சீட்டுகளை எடுத்துக் குறி சொல்லும் டாரோ சீட்டுப் பலனில் சென்ற வாரம் ஒரு ராசிக்கு ‘மரணம்’ சீட்டு விழுந்திருப்பதாகவும், வீட்டுப் பெரியவர்களின் உடல்நிலையில் எச்சரிக்கை தேவை என்றும் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு வரிதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

நான் மும்பையில் ஓர் அச்சகத்தில் 34 ஆண்டுகள் ஆஃப்செட் இயந்திரம் ஓட்டியவன். சாமி நாட்காட்டியும் கல்யாணப் பத்திரிகையும்தான் பிழைப்பு. ஓய்வுக்குப் பிறகு, மகள் வாங்கி வைத்திருந்த டாரோ சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தேன். நிறம் பிசகாமல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுத்தேன். படங்கள் என்னை விடவில்லை. எட்டு மாதமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இன்னும் மாணவன்தான்.

எங்கள் எதிர் வீட்டுப் பெண்மணியின் மகன் மஸ்கட்டில் ஓட்டுநர். மூன்று மாதமாக அவன் குரல் சரியில்லை என்ற கவலையில், புறநகரில் சீட்டுப் பார்க்கும் ஒருவரிடம் அவர் போயிருக்கிறார். நடுச் சீட்டாக மரணம் விழுந்திருக்கிறது. பரிகாரத்துக்கு 11,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். கம்மலை அடகு வைத்து 4,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு, நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “அண்ணாச்சி, எலும்புக்கூடு வந்துவிட்டது” என்றார். வேறு பேச்சு வரவில்லை.

என் கட்டிலிருந்து அதே சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “பலனை விடுங்கள். படத்தில் என்னென்ன தெரிகிறதோ ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்” என்றேன். வெள்ளைக் குதிரை என்றார். கறுப்புக் கொடி, அதில் வெள்ளைப் பூ. குதிரையின் காலடியில் ராஜா விழுந்து கிடக்கிறார். எதிரே பொன்னாடை போர்த்திய பாதிரியார் நிற்கிறார். ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் ஒரு குழந்தை. சொல்லச் சொல்ல அவர் குரல் தெளிந்தது. பிறகு சீட்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், “தூரத்தில் இரண்டு கோபுரத்துக்கு நடுவே சூரியன் இருக்கிறதே, அண்ணாச்சி! உதிக்கிறதா, மறைகிறதா?” என்று கேட்டார். நீங்களே சொல்லுங்கள் என்றேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “உதிக்கிறது” என்றார்.

பயிற்சி உள்ளவர்கள் பெரும்பாலும் சொல்வதும் அதுதான். ஒன்று முடிகிறது, அடுத்தது தொடங்குகிறது என்பதே 13-ஆம் சீட்டான மரணத்துக்கு வழக்கமாகச் சொல்லும் பொருள். அதற்கு அடுத்த 14-ஆம் சீட்டில் ஒரு தேவதை ஒரு காலைத் தரையிலும் ஒரு காலை நீரிலும் வைத்து, ஒரு கோப்பையிலிருந்து மறு கோப்பைக்கு நிதானமாக நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது. வரிசை 21 வரை போகிறது. நடுவில் நிறுத்தி அழவைப்பவரைச் சீட்டுப் படித்தவர் என்று நான் ஏற்கமாட்டேன்.

டாரோ எகிப்தியப் பூசாரிகளின் ரகசியம் என்றும் தங்கள் சீட்டுப் பலன் பகுதியில் எழுதியிருந்தார்கள். இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஆடிய சீட்டாட்டம் இது. மிலான் பிரபுக்களுக்காகத் தங்கத் தகடு ஒட்டிக் கையால் தீட்டிய சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. எகிப்துக் கதையைப் பரப்பியவர் கூர் த ஜெபெலன் என்ற பிரெஞ்சுக்காரர், 1781-ல். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் படித்துச் சொன்னதே 1822-ல்தான். குறி பார்ப்பது 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. பழம்பெருமை பொய்யானால் மதிப்புக் குறைந்துவிடுமா? எனக்குக் குறையவில்லை.

புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 78 சீட்டின் பொருளையும் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். இரண்டு நாளில் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். முதலில் 0 முதல் 21 வரை எண்ணிட்ட 22 பெரிய சீட்டுகள் போதும். கோல், கோப்பை, வாள், காசு என்ற நான்கு இனத்துக்கும் தலா 14 சீட்டு. அந்தச் சிறிய சீட்டுகள் பிறகு வரட்டும். தலைகீழாக விழும் சீட்டுக்குத் தனிப் பலன் பார்ப்பதை ஓர் ஆண்டு தள்ளிப்போடலாம். காலையில் ஒரு சீட்டை எடுத்து, புத்தகத்தைத் திறக்காமல், கண்ட காட்சியை நோட்டில் எழுதுங்கள். கோப்பை ஐந்தை நான் மூன்று நாள் பார்த்தேன். கறுப்புப் போர்வைக்காரன் கவிழ்ந்த மூன்று கோப்பைகளைப் பார்த்து நிற்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் சிந்தாமல் நிற்பது மூன்றாம் நாள்தான் என் கண்ணில் பட்டது. மனைவி இறந்த ஆண்டில் நான் எப்படி இருந்தேன் என்பதை அந்தப் படம்தான் எனக்குச் சொன்னது.

என் கட்டில் உள்ள இந்தப் படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். 1909-ல் லண்டனில் வெளிவந்த கட்டு. அதற்கு முந்தைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் சிறிய சீட்டுகளில் வெறும் கோப்பையும் வாளும் எண்ணிக்கைக்கு இருக்கும். அவற்றில் மனிதர்களையும் கதையையும் கொண்டுவந்தவர் அவர். பெரிய வேலை, மிகக் குறைந்த பணம் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். கட்டுக்கு நெடுங்காலம் வழங்கிய பெயரோ பதிப்பாளர் ரைடர், எழுத்தாளர் வெயிட் இருவருடையது. பமீலா 1951-ல் வறுமையில் இறந்தார். சாமி நாட்காட்டி ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜுவின் படம் இயந்திரத்தில் ஏறினால், அவர் பெயர் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாங்கள் அடுத்த தாளை விடுவோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு இது பொறுக்கவில்லை.

தங்களிடம் என் வேண்டுகோள்: மரணச் சீட்டை வீட்டார் உயிரோடு முடிச்சுப்போடும் வரிகளை இனி வெளியிடாதீர்கள். இடம் இருந்தால் சீட்டின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே பமீலாவின் பெயரையும் அச்சிடுங்கள். வாசகர்கள் தாங்களே பார்க்கட்டும்.

மஸ்கட் பையன் அன்றிரவே தொலைபேசியில் பேசினான். வேலை மாறப்போகிறானாம், அம்மாவிடம் சொல்லத் தயங்கியிருக்கிறான். முன்பணம் 4,000 ரூபாய் திரும்பி வரவில்லை. கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சகப் பணியாளர்,
தாராவி, மும்பை – 17