மதினிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மதினி,

உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். என்னைப் போல வெளியூரில் இருந்துகொண்டு மாதாமாதம் பணம் அனுப்பும் பிள்ளைகள் நாலு பேராவது படிக்கட்டும்.

உங்கள் தங்கை மகள் கல்யாணத்துக்கு நீங்களும் அண்ணனும் போய்வந்த அந்த நான்கு நாள்தான் நான் அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொண்டேன். அம்மாவுக்கு வலது கை கால் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. மூன்று வருஷத்தில் நான்கு நாள்!

காலண்டர் அட்டையின் பின்பக்கம் எல்லாம் எழுதி வைத்திருந்தீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். சர்க்கரைக்கு ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமாகக் கூடாது. சோறு குழைவாக, தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார்த்தி, ஸ்பூன் ஸ்பூனாக. சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது, புரையேறும். படித்தபோது பெரிதாகத் தெரியவில்லை. முதல் ராத்திரி இரண்டு மணி அலாரத்துக்கு எழுந்து அம்மாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தேன். முகத்தைச் சுளித்த அம்மா, இடது கையால் மெத்தை ஓரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். இடுப்புக்குக் கீழே அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்திருந்தீர்கள். அதைப் பிடித்து இழுத்தால் அம்மா தானாகப் புரண்டுவிடுகிறாள். விழுந்த பக்கத் தோளும் வலிக்காது, நம் இடுப்பும் பிடித்துக்கொள்ளாது. பேச்சு வராத அம்மாதான் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

நீங்கள் திரும்பிய அன்று காலை 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா மாத்திரை கொண்டுவந்தார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம், நம் தெருவுக்கு வருவது எவ்வளவு பெரிய ஒத்தாசை என்று இப்போதுதான் தெரிகிறது. அம்மாவுக்கு பிரஷர் பார்த்து முடித்ததும், உங்களுக்கும் பார்க்கச் சொன்னேன். 168க்கு 104. "ராத்திரி பஸ்ல தூக்கமே இல்ல தம்பி, அதாம்" என்றீர்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று அந்த அக்கா கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் அம்மா எப்படி இருக்கிறாள் என்று போனில் கேட்டிருக்கிறேன். உங்களை ஒருநாளும் கேட்டதில்லை. மன்னியுங்கள், மதினி.

2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை இந்த வாரம் எடுத்துப் படித்தேன். பிள்ளைகள் என்று அது சொல்வது மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. கடமை அண்ணனுக்கும் அக்காவுக்கும் எனக்கும். ராத்திரி எழுந்திருப்பது நீங்கள்.

அதனால் மூவரும் பேசி முடிவெடுத்துவிட்டோம். மாதத்தின் முதல் வாரம் நான் வருவேன், அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொள்கிறேன். மூன்றாம் வாரம் அக்கா. ஊரில் இருக்கும் நாளெல்லாம் ராத்திரி அலாரம் அண்ணனுடையது. அந்த வாரங்களில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போங்கள், கோயிலுக்குப் போங்கள், ஒன்றும் செய்யாமல் தூங்குங்கள். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய் உங்கள் பிரஷரைக் காட்டிவிடுங்கள். துணைக்கு நான் வருகிறேன். யாரிடமும் சொல்ல முடியாமல் மனசு பாரமாகிற நாளில் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அத்தையின் மேல் எரிச்சல் வந்தது என்று ஒருதரம் சொல்லி அழுதீர்கள். இவ்வளவு நாள் தனியாகச் சுமந்தவருக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? அதில் பாவம் ஒன்றுமில்லை.

ஒன்றாம் தேதி காலை ரயிலில் வந்து இறங்குவேன். மற்றதெல்லாம் ஓரளவு பழகிவிட்டது. அம்மாவுக்குக் கால் நகம் வெட்டத்தான் பயமாக இருக்கிறது, சர்க்கரைக் கால், கீறிவிட்டால் ஆறாது. அதை மட்டும் ஒருதரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்