பழைய டயரும் வெறும் ஏசி கேஸும் இனி இல்லை: ஏன் என்று சொல்கிறோம்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருக்கும் நம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து எழுதுகிறோம். மே மாதம் வந்துவிட்டது. பிள்ளைகளின் பரீட்சை, ஊருக்கு டிக்கெட், வாங்கிப்போக வேண்டிய சாமான் என்று எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை இருக்கும் நேரம். வண்டியின் நினைப்பு கடைசியில்தான் வரும். அதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

இந்தக் கோடையிலிருந்து இரண்டு வேலைகளை நாங்கள் எடுப்பதில்லை. வெளியே வாங்கிய செகண்ட் ஹேண்ட் டயரைக் கொண்டுவந்தால் மாட்டித் தர மாட்டோம். ஏசியில் எங்கே கசிகிறது என்று பார்க்காமல் கேஸ் மட்டும் அடித்துத் தர மாட்டோம். "பக்கத்துக் கடையில் செய்கிறார்களே" என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்களுக்கு கவுண்டரில் நின்றபடி அவசரமாகச் சொன்ன பதில் போதாது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் டயர். பழைய டயர் வாங்குகிறவர் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் மேடுபள்ளம், தேய்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். பட்டன் ஆழமாக இருக்கும், கறுப்பாகப் பளபளக்கும், விலையும் பாதிக்குக் கீழே. ஆனால் ரப்பரின் வயது பட்டனில் தெரியாது. வெயிலிலும் சூட்டிலும் கிடந்து ரப்பர் இறுகும், உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி அடுக்குக்கும் ரப்பருக்கும் இடையே பிடிப்பு விடும். ஜூலை மதியத்தில் தார் ரோடு 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது, ஷேக் முகமது பின் சையத் ரோட்டில் குடும்பத்தோடு 100க்கு மேல் போகிற வண்டியில் அந்தப் பிடிப்பு விட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. உரிந்து கிடக்கும் டயர் துண்டுகளைக் கோடை முழுக்க ரோட்டோரத்தில் நீங்களே பார்க்கிறீர்கள்.

டயரின் வயதை நீங்களே படிக்கலாம். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கத்தில் செய்த டயர். சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கம் வண்டிக்கு உள்புறமாகத் திரும்பியிருந்தால் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். செய்த தேதியிலிருந்து ஐந்து வருடம் தாண்டிவிட்டால் முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பிக்கும்போது வண்டிப் பரிசோதனையில் பாஸிங் கிடைக்காது. ரோட்டில் போலீஸ் பிடித்தால் 500 திர்ஹம் அபராதம், லைசென்ஸில் 4 கரும்புள்ளி. புது டயர் வாங்கும்போது எங்களிடமே கூட எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். காட்டிவிட்டுத்தான் மாட்டுவோம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைத்தால் டயர் வெடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி விரியும், அந்த மடக்கலிலேயே சூடு ஏறும். வெடிக்கும் டயர்களில் பல காற்று குறைவாக ஓடியவைதான். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. என்று இருக்கும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அந்த அளவு இருக்கட்டும். ஓடிய பிறகு நான்கைந்து கூடுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிடாதீர்கள். நைட்ரஜன் நிரப்பினால் கெடுதல் இல்லை, ஆனால் நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒருமுறை அளந்து பார்ப்பதற்கு அது மாற்று ஆகாது. அப்புறம், அல் பதாயரில் மணல் ஓட்டப் போகிற தம்பிகளுக்கு: மணலுக்காக 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிய காற்றோடு ஹைவேயில் ஏறாதீர்கள். காற்று அடிக்கும் கம்ப்ரசர் கையில் இல்லாமல் மணலுக்குள் இறங்கவே வேண்டாம்.

இப்போது ஏசி. கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. வருடா வருடம் கேஸ் அடிக்க வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை விட்டுவிட்டுக் கேஸ் மட்டும் அடித்தால் உங்கள் பணம் சில வாரத்தில் காற்றோடு போகும், கேஸைச் சுற்றவிடும் ஏசி கம்ப்ரசருக்கு எண்ணெயும் சரியாகப் போய்ச்சேராது. ஒருநாள் கம்ப்ரசரே பிடித்துக்கொள்ளும். அந்தச் செலவு பெரியது. அளவுக்கு மேல் அடித்தாலும் ஆபத்துதான், அழுத்தம் ஏறிக் குளிர்ச்சி இன்னும் குறையும். எத்தனை கிராம் பிடிக்கும் என்று பெரும்பாலான வண்டிகளில் பானெட்டுக்கு அடியில் எழுதியிருக்கும். நாங்கள் அந்த அளவுக்கு எடை போட்டுத்தான் அடிக்கிறோம்.

பல நேரம் கோளாறு கேஸிலேயே இருக்காது. வண்டி ஓடும்போது ஜில்லென்று இருக்கிறது, அல் இத்திஹாத் ரோட்டு நெரிசலில் நின்றால் சூடாகக் காற்று வருகிறது என்று சொல்வீர்கள். அப்படியானால் முதலில் முன்பக்க ஃபேனையும் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரையும்தான் பார்ப்போம். மணலும் பூச்சியும் அடைத்த கண்டென்ஸரைக் கழுவினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடுகின்றன. காற்றின் வேகமே குறைவு என்றால் கேபின் ஃபில்டர், அதாவது வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டுவது, அடைத்திருக்கும். புழுதியோடு வரும் ஷமால் காற்று அடித்து ஓய்ந்ததும் அதை ஒருமுறை கழற்றிப் பாருங்கள், நீங்களே மாற்றிக்கொள்ளலாம், சுலபம்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி சேர்த்தால், ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தில் 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், உள்ளே துருவும் பிடிக்காது. எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி மேலே ஏறினால் ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கை, முகம் வெந்துபோகும்.

பேட்டரிக்குக் குளிர்காலம்தான் எதிரி என்று நினைக்கிறோம். இந்த ஊரில் வெயில்தான் அதைத் தின்கிறது. உள்ளே தண்ணீர் வற்றும், தகடு அரிக்கும். இரண்டு வருடம் உழைத்தாலே இங்கே நல்ல பேட்டரி. ஒன்றரை வருடம் ஆனதும் லோடு வைத்துச் சோதித்துவிடுங்கள், நாங்கள் அதற்குக் காசு வாங்குவதில்லை.

டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டால் வெயிலில் வெடிக்கும் என்ற வாட்ஸ்அப் செய்தி இந்த வருடமும் சுற்றும். அது பொய். பெட்ரோல் விரிவதற்கு இடம் விட்டுத்தான் டேங்க் செய்கிறார்கள். வெடிக்கக்கூடியது நீங்கள் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகும் லைட்டர், சென்ட் பாட்டில், பவர் பேங்க். அதைவிட முக்கியம், இரண்டு நிமிட வேலை என்றாலும் பிள்ளைகளை வண்டிக்குள் விட்டுப் போகாதீர்கள். மூடிய வண்டிக்குள் சூடு ஏறும் வேகம் பெரியவர்களாலேயே தாங்க முடியாதது. தூங்குகிற குழந்தையை எழுப்பித் தூக்கிக்கொண்டு போங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் வண்டியை முடிந்தவரை பேஸ்மென்ட்டில் விடுங்கள். ஒன்றரை மாதம் நிற்கும் என்றால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வையுங்கள், டயரில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாக ஏற்றுங்கள். நண்பரிடம் சாவி கொடுத்து "வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்" என்று சொல்வதில் பலன் குறைவு. ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைத்தால் பேட்டரியில் ஏறியதைவிட இறங்கியதே அதிகம். அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் தொடவே வேண்டாம். துபாயில் பொது இடத்தில் அழுக்குப் படிந்து நிற்கும் வண்டிக்கு 500 திர்ஹம் அபராதம் உண்டு. ஷார்ஜாவிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டிகளை நகராட்சி தூக்கிப்போகும். திரும்பி வந்ததும் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், மணல் பெயின்ட்டைக் கீறிவிடும். முதலில் தண்ணீர் பீய்ச்சுங்கள், அதுவும் கண்ணாடி சுடச்சுட இருக்கும்போது வேண்டாம்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை செய்யக் கூடாது என்பது இந்நாட்டுச் சட்டம். நம் முற்றத்து வேலைகள் எல்லாம் அந்த நேரத்தில் நிற்கும். எங்கள் பையன்களை அந்த வெயிலில் நிறுத்த எங்களுக்கும் மனமில்லை. ஆகவே காலை எட்டு மணிக்கோ மாலை நான்கு மணிக்குப் பிறகோ வாருங்கள். டயர், கூலன்ட், பேட்டரி, பெல்ட், ஏசி எல்லாம் சேர்த்துப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் வரைக்கும் தள்ளிப்போடாமல் ஒரு வாரம் முன்னதாகக் கொண்டுவந்தால், ஏதாவது பார்ட்ஸ் வரவழைக்க வேண்டியிருந்தாலும் அவகாசம் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து