நீதிமான் என்றால் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ் வேதாகமத்தில் வரும் 'நீதி' என்ற சொல்லைப் பலரும் நீதிமன்றத் தீர்ப்பு என்றோ, குறையில்லாத ஒழுக்கம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே பாதிப் பொருள்தான்.

பழைய ஏற்பாட்டில் 'நீதி' என்று மொழிபெயர்க்கப்படும் 'செதாக்கா' என்ற எபிரேயச் சொல் உறவுக்குரிய கடமையில் உண்மையாயிருப்பதைக் குறிக்கும். ஏழையிடம் அடகாக வாங்கிய போர்வையைப் பொழுது சாய்கிறபோது திருப்பிக் கொடு, அது உனக்கு நீதியாயிருக்கும் என்கிறது உபாகமம் 24:13. சட்டப்படி அடகு வாங்கியவனிடமே உரிமை இருக்கிறது. ஆனால் இரவில் குளிரில் நடுங்குபவன் ஏழை. திருமணத்துக்கு முன்பே கருவுற்றிருந்த மரியாளை ஊரறிய அவமானப்படுத்த மனமில்லாத யோசேப்பையும் மத்தேயு நீதிமான் என்றே சொல்கிறார்.

ஆதியாகமம் 15:6இல் ஆபிரகாமின் விசுவாசம், அதாவது கடவுள்மீது வைத்த நம்பிக்கை, நீதியாக 'எண்ணப்பட்டது'. அந்த வசனத்தைத் தம் நிருபத்தில் எடுத்துக்காட்டும் அப்போஸ்தலன் பவுல் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் கணக்கில் வரவு வைப்பதற்கும் வழங்குவது. அதாவது, கூலியாக அல்ல, கொடையாக.

குழப்பம் பெரும்பாலும் யாக்கோபு 2:24இல்தான் வருகிறது. மனுஷன் 'விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்', அதாவது செயல்களினாலும், நீதிமானாக்கப்படுகிறான் என்கிறாரே, விசுவாசத்தினாலே என்று சொல்லும் பவுலுக்கு முரண் இல்லையா? இல்லை. பவுல் ஆபிரகாம் நம்பிய தொடக்கத்தைப் பேசுகிறார். யாக்கோபு, பல ஆண்டுகள் கழித்து ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய நிகழ்வை. முன்னது வேர், பின்னது கனி.

மனிதன் நீதிமானாக்கப்படுவது எப்படி என்ற இந்தக் கேள்வியில் நூற்றாண்டுகளாகப் பிரிந்திருந்த கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் இதுபற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மெதடிஸ்டுகள் 2006இல் இணைந்தார்கள். நம் ஊர்ப் பிரசங்கங்களில் இது இன்னும் அதிகம் பேசப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்