தாயின் கர்ப்பகாலக் குறிப்பும் பாதுகாக்கப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கர்ப்பகாலச் சிக்கல்களுக்கும் பெண்களுக்குப் பிற்காலத்தில் வரும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வட சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரசவ அறைகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் நான். கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள் மிக அவசியமானது. ஆனால் எல்லாச் சிக்கல்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசியதால், கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் கூடியிருந்த பெண்கள்கூடத் தங்களுக்குப் புற்றுநோய் வந்துவிடுமோ என்று கலங்கிப்போய் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

புற்றுநோயோடு நேரடித் தொடர்பு உள்ளது, நஞ்சுக்கொடித் திசு இயல்பு மீறிப் பெருகும் முத்துப்பிள்ளைக் கர்ப்பம். முழுமையான முத்துப்பிள்ளையில், தாயின் மரபணுக்கள் இல்லாத வெறும் கருமுட்டைக்குள் பெரும்பாலும் ஒரே ஒரு விந்தணு நுழைந்து தன் குரோமோசோம்களைத் தானே இரட்டித்துக்கொள்கிறது. எண்ணிக்கை 46 என்று சரியாக வந்தாலும் அத்தனையும் தந்தைவழி வந்தவை. செல்கள் பெருகுவதற்குக் கடிவாளம் போடும் பி57 என்ற புரதத்தின் மரபணுவோ தாயிடமிருந்து வந்த பிரதியில்தான் இயங்கும்; தந்தைவழிப் பிரதியில் அது உறங்கிக்கிடக்கும். தாய்வழிப் பிரதியே இல்லாதபோது கடிவாளமும் இல்லாமல் போகிறது. குழந்தை உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் வேகவைத்த ஜவ்வரிசிபோல் கொப்புளம் கொப்புளமாகப் பெருகுகிறது. கருப்பையைச் சுத்தம் செய்த பிறகும் இப்படிப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு அந்தத் திசு மறுபடி வளரத் தொடங்குகிறது. அவர்களில் சிலருக்கு அது கோரியோகார்சினோமா என்னும் புற்றுநோயாகி, இரத்தத்தின் வழியே நுரையீரலுக்கும் போய்விடுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கர்ப்பம் பார்க்கும் பட்டையில் கோடு காட்டுகிற அதே ஹெச்.சி.ஜி. ஹார்மோனை இரத்தத்தில் வாரந்தோறும் அளந்து, அது இயல்புக்கு வந்த பின்னரும் சில மாதங்களுக்கு மாதம் ஒருமுறை அளந்துவந்தால் போதும். அந்தக் காலம் முடியும்வரை மறுபடி கருத்தரிக்காமல் இருக்க வேண்டும்.

இதைச் சொல்லாமல் விட்டதால் நேர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். கொருக்குப்பேட்டையைச் சேர்ந்த ஓர் இளம்பெண், ஒரு தனியார் மருத்துவமனையில் முத்துப்பிள்ளையைச் சுத்தம் செய்துகொண்டு வீடு திரும்பினார். கையில் கொடுத்த சீட்டில் கருச்சிதைவு என்று மட்டும் எழுதியிருந்தது. சில மாதங்களில் இருமலும், இருமினால் இரத்தமும் வந்தன. எங்கள் பகுதியில் இருமலில் இரத்தம் என்றால் எல்லோருக்கும் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். சளியில் கிருமி தென்படாத போதும் இரண்டு மாதம் அதற்கான மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறார். தற்செயலாக அவருடைய தாயாரைச் சந்தித்தபோது, கடைசியாகக் கர்ப்பம் எப்போது என்று கேட்டேன். "முத்துப்பிள்ளைன்னு சொல்லி எடுத்துட்டாங்க நர்சம்மா, அதுக்கும் இருமலுக்கும் என்ன?" என்றார். அந்த ஒரு பதிலுக்குப் பிறகுதான் ஹெச்.சி.ஜி. பார்க்கப்பட்டு, நோய் இன்னதென்று தெரிந்து, சிகிச்சை தொடங்கியது. அவர் பிழைத்துக்கொண்டார். காசநோய் மாத்திரையில் வீணாய்ப்போன அந்த இரண்டு மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

அவரைக் காப்பாற்றிய மருந்துகளில் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லப்பிரகட சுப்பாராவின் வழிகாட்டலில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து வந்த மருந்து அது. கர்ப்பிணிகளுக்கு நாம் நாள் தவறாமல் கொடுக்கும் ஃபோலிக் அமிலம் செல்கள் பெருகத் தேவையானது. அந்த ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்துக் கட்டியை வாடச் செய்வதுதான் மெத்தோட்ரெக்ஸேட்டின் செயல். நுரையீரல்வரை பரவிய கோரியோகார்சினோமாவே இந்த மருந்தால் மறைந்ததை மின் சியு லீயும் ராய் ஹெர்ட்ஸும் 1956-இல் அறிவித்தார்கள். இவ்வளவு நல்ல மருந்து இருந்தும் ஒரு பெண் சாக நேர்ந்தால், பெரும்பாலும் அது நோய் தாமதமாகத் தெரியவந்ததால்தான்.

அடுத்து, கர்ப்பத்தில் அழுத்தம் கூடி, சிறுநீரில் 'உப்பு' (உண்மையில் அது புரதம்) இறங்கி, கைகால் வீங்கும் முன்சூல்வலிப்பு. இவர்கள் புற்றுநோயை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. நஞ்சுக்கொடியிலிருந்து எஸ்.எஃப்.எல்.டி-1 என்ற புரதம் மிகையாகச் சுரந்து, புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கும் காரணிகளைப் பிடித்துவைத்துக்கொள்வதே இந்த நோய்க்கு முக்கியக் காரணம் என்று 2003-இல் காட்டியவர், அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் அனந்த் கருமாஞ்சியும் அவருடைய குழுவினரும். கட்டிக்கு இரத்தம் போகாமல் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்தும் இதே காரணிகளில் ஒன்றைத்தான் முடக்குகிறது. அதைப் பெறும் நோயாளிகளுக்கும் அழுத்தம் கூடுகிறது, சிறுநீரில் புரதம் போகிறது. முன்சூல்வலிப்பு வந்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் சற்றுக் குறைவாக இருப்பதாகவே பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அவர்கள் கவனிக்க வேண்டியவை இதயமும் மூளையும். மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு அவர்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு.

கர்ப்பகாலச் சர்க்கரையின் வழி சற்றுச் சுற்றானது. பிரசவம் ஆனதும் சர்க்கரை இறங்கிவிடுவதால் பெண்கள் அதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். நீரிழிவு உள்ள பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் ஏறத்தாழ இரு மடங்கு அதிகமாக வருகிறது. இரத்தத்தில் மிகுந்துபோன இன்சுலின் செல்களை வளரத் தூண்டுகிறது. கல்லீரலில் பாலின ஹார்மோன்களைக் கட்டிவைக்கும் புரதத்தையும் குறைத்துவிடுவதால், கட்டவிழ்ந்த ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரை ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கிறது. மாதவிலக்கு நின்று ஆண்டுகள் கழித்துச் சிறிதளவு இரத்தம் பட்டாலும் 'சூடு' என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கும் தாய்மார்கள் எங்கள் தண்டையார்பேட்டையில் இன்றும் இருக்கிறார்கள். அது இந்தப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்; உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடக்கிறது. ஆனால் ஐம்பது வயதுப் பெண்ணிடம், கர்ப்பமாக இருந்தபோது உங்களுக்குச் சர்க்கரை இருந்ததா, அழுத்தம் இருந்ததா, முத்துப்பிள்ளை எடுத்தார்களா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மாதந்தோறும் நாங்கள் எடை, அழுத்தம், இரத்த அளவு என்று எழுதி நிரப்பிய தாய் சேய் நல அட்டை, பிள்ளை பிறந்ததும் தடுப்பூசி அட்டையாகி, பள்ளிச் சேர்க்கைக்குப் பின் பரணுக்குப் போய்விடுகிறது. அதிலுள்ள தாயின் குறிப்பு மூன்று வரியாவது தொற்றா நோய்ப் பதிவேட்டுக்கு மாற்றப்பட வேண்டும். அட்டை தொலைந்திருந்தால் வாய்மொழியாகக் கேட்டு எழுதலாம். நான் கேட்ட பெண்களில் ஒருவரும் பதில் சொல்லத் தடுமாறியதில்லை.

முத்துப்பிள்ளை எடுத்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் எந்த மருத்துவமனையும், அரசுடையதோ தனியாருடையதோ, அடுத்த ஹெச்.சி.ஜி. பரிசோதனைத் தேதியையும் அது எதற்கு என்பதையும் தமிழில் சீட்டில் எழுதித் தரவேண்டும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.