டீச்சரம்மா, கோயம்புத்தூரில் முதல் ஞாயிறன்றே எழுந்து நில்லுங்கள்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். இந்தக் கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை படிப்பீர்கள், "சரிம்மா" என்பீர்கள், மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு நீங்கள் நினைத்தபடியே செய்வீர்கள். அதனால் ஊரறிய எழுதுகிறேன். கோயம்புத்தூர்ச் சபைக்காரர் யாராவது இதைப் படித்துவிட்டு, மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்திருக்கிறாராமே என்று உங்களைத் தேடி வரட்டும்.

மகன் உங்களைத் தன்னோடு அழைத்துக்கொள்ளப் போகிறார் என்ற செய்தியைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொன்னீர்கள். எல்லோரும் கண் கலங்கியபோது, "அங்கே போய் யாருக்கும் தொந்தரவாக இருக்க மாட்டேன். பின் வரிசையில் உட்கார்ந்து ஆராதனையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்" என்றீர்கள். அந்தப் பேச்சு எனக்கு அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. பின் வரிசையில் உட்கார்ந்து ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்னால் கிளம்பிவிட நினைத்த ஒருத்தியை வாசலில் நிறுத்திப் பேர் கேட்டவர் நீங்கள். அந்த ஒருத்தி சொல்கிறேன், அப்படி மட்டும் செய்யாதீர்கள்.

நாங்கள் மதுரைக்கு வந்தது 2012 மே மாதம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். கோயில் மணி அடித்தால் யார் வரவில்லை என்று ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் வந்து இறங்கியபோது, என் கணவரின் அலுவலகத்தில் இரண்டு பேரைத் தவிர இந்த ஊரில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. இரண்டு பிள்ளைகள், கண் மங்கிப்போன மாமியார், கட்டி வந்த பாத்திர மூட்டைகள். வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடங்களில் முதலில் கேட்டது எத்தனை பேர் என்பதை. அடுத்துக் கேட்டது என்ன ஆட்கள் என்பதை. பதிலைக் கேட்டதும் சிலருக்குத் திடீரென்று சொந்தக்காரர் குடிவரப்போவது நினைவுக்கு வந்துவிடும்.

சபையிலும் அந்தக் கேள்வி உண்டு, டீச்சரம்மா. இதை மறைத்து எழுதினால் உங்கள் அருமை யாருக்கும் புரியாது. "எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். ஊர்ப் பெயரிலிருந்தே சாதியைக் கணக்குப்போட்டுவிடுவார்கள். அந்தக் கணக்கு முடியும்வரை உதவி கொஞ்சம் தள்ளியே நிற்கும். நீங்கள் அன்று வாசலில் என்னிடம் கேட்டது மூன்றே கேள்விகள். சமையலுக்கு கேஸ் இருக்கிறதா? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாயிற்றா? தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? எங்கள் ஊர் எது என்று நீங்கள் கேட்டதே பல மாதம் கழித்து, கருப்பட்டி எங்கே நன்றாக இருக்கும் என்ற பேச்சில்தான்.

அன்று மாலையே உங்கள் வீட்டு இரண்டாவது சிலிண்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதோடு சங்கத்தின் கைப்பிடி அரிசியிலிருந்து ஒரு பை. எங்கள் ஊரிலும் அந்தக் காணிக்கை உண்டு. சோறு வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து டப்பாவில் போட்டுவைத்து, மாதம் ஒருமுறை ஆலயத்துக்குக் கொண்டுபோவோம். கொண்டுபோய்க் கொட்டித்தான் எனக்குப் பழக்கம். அந்த அரிசி என் வீட்டு உலைக்கு வந்தது அன்றுதான். பையைப் பிரித்துப் பார்த்தால் பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, பச்சரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு நீளம். சோறாக வடித்தேன், பாதி குழைந்தது, பாதி விரைத்துக்கொண்டு நின்றது. மறுநாள் வந்து பார்த்த நீங்கள், "இதை வடிக்கக் கூடாதம்மா, கஞ்சியாக வை. வெந்தயமும் நாலு பல் பூண்டும் போட்டு நிறையத் தண்ணீரில் விட்டுவிட்டால் எல்லா அரிசியும் கரைந்துவிடும்" என்றீர்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்தக் கஞ்சிதான்.

அந்த வருடத்து மின்வெட்டை மதுரைக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் வந்தால் ஒரு மணி நேரம் போகும். இரவிலும் அதே கதை. ஊறவைத்த அரிசி கிரைண்டரில் அரைபட்டும் படாமலும் நிற்கும். எங்கள் தெருவில் மின்சாரம் போகிற நேரத்துக்கு உங்கள் தெருவில் வந்துவிடும் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் நீங்கள். நம் பகுதியான பி.பி.குளத்தின் சந்துகளில் ஊறவைத்த உளுந்தும் அரிசியும் இரண்டு தூக்குவாளிகளில் போக, மாவாகத் திரும்பி வரும். நம் சபைப் பெண்கள் பலருக்கும் அப்படித்தான் பழக்கமாயிற்று. யார் வீட்டில் எந்த மணிக்கு மின்சாரம் என்று கையெழுத்தில் ஓர் அட்டவணை எழுதி உங்கள் அடுப்படிக் கதவில் ஒட்டியிருந்தீர்கள். மாவு அரையும் நேரத்தில்தான் எனக்கு மதுரையையே சொல்லிக்கொடுத்தீர்கள். மளிகையை மாதத்துக்கு ஒருமுறை கீழமாசி வீதியில் மொத்தமாக எடு. பள்ளிப் புத்தகத்துக்கும் தைக்கிற வேலைக்கும் புதுமண்டபம் போ. மாமியாரின் கண்ணுக்குத் தாமதிக்காமல் அரவிந்த் மருத்துவமனைக்கு அழைத்துப் போ. 1976-இல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது, நீ பயப்பட ஒன்றுமில்லை. என் மாமியார் இன்று வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தைத் தானே வாசிக்கிறார்.

பழக முடியாமல் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது ஆராதனைதான். எங்கள் பக்கம் ஆங்கிலிக்கன் வழி, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் வழி. முழங்காலில் நிற்பதும், பதில் ஜெபங்களை ராகம் போட்டுப் பாடுவதும் சிறு வயதிலிருந்து உடம்பில் ஊறியவை. இங்கே ராகமும் வேறு, எழுந்து நிற்கும் இடமும் வேறு. நான் உட்காரும்போது எல்லோரும் நிற்பார்கள். ஒரே சி.எஸ்.ஐ. சபை, ஏன் இப்படி என்று உங்களிடம் கேட்டேன். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரகேஷனல் சபைகள் சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபை உருவான கதையை நீங்கள் சொன்னீர்கள். பெயர் ஒன்றானது, பழக்கவழக்கம் அந்தந்த மிஷன் விட்டுப்போனபடியே இருக்கிறது என்றீர்கள். மதுரை அமெரிக்கன் மிஷன் வளர்த்த ஊர். 1834-இல் அந்த மிஷன் இங்கே வந்தது யாழ்ப்பாணத்திலிருந்து. மிஷனரிகளோடு யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளர்களும் கடல் தாண்டி வந்தார்கள். "நம் சபைக்கு அஸ்திவாரம் போட்டவர்களே இந்த ஊரில் வீடு தேடி அலைந்தவர்கள்தான்" என்றீர்கள். அதன்பிறகு நான் தவறான இடத்தில் எழுந்து நிற்கும்போதுகூட எனக்குக் கூச்சம் வந்ததில்லை.

நவம்பரில் மகளுக்கு டெங்கு வந்தது. அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. பெரியாஸ்பத்திரியில் தட்டணுக்கள் தேவை என்றார்கள். இரவு ஒன்பது மணிக்கு உங்களுக்குப் போன் செய்தேன். பத்து மணிக்குள் வாலிபர் சங்கத்துப் பையன்கள் ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரி இருக்கும் கோரிப்பாளையத்தில் வந்து நின்றார்கள். ஒருவன் மறுநாள் பரீட்சை எழுத வேண்டியவன், புத்தகத்தோடு வந்திருந்தான். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, ஆனால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கணவர் சாப்பிட்டு முடித்துத் தூக்குப்போணியைக் கழுவும்போது, அது யார் வீட்டுப் போணி என்று தெரியாமல் அடியில் திருப்பிப் பார்த்துப் பேர் வாசிப்பார். அவர் அதிகம் பேசாதவர். சபையில் பத்துக் குடும்பங்களின் பெயர்களை அவர் கற்றுக்கொண்டது அந்தப் போணிகளின் அடியில் பொறித்திருந்த எழுத்துகளிலிருந்துதான்.

அதற்கடுத்த அறுப்பின் பண்டிகையில் ஏலக்கணக்கு எழுத அவரையே உட்காரவைத்தீர்கள். ஏலம் எடுத்தவர் பூசணிக்காயைத் திரும்பவும் காணிக்கையாக வைக்க, அதை அடுத்தவர் எடுக்க, ஒரே காய் மூன்று பேர் பெயரில் கணக்கில் ஏறியது. அவர் சிரித்துக்கொண்டே எழுதியதை அன்றுதான் மதுரையில் முதன்முதலாகப் பார்த்தேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

இத்தனை வருடத்தில் நாங்கள் உங்களுக்கு என்ன செய்ய முடிந்தது? வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபோதுகூட, மூன்று நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு கையால் வாளி தூக்கியிருக்கிறீர்கள். கேட்டதற்கு, "உங்களுக்கு ஆயிரம் வேலை" என்றீர்கள். எனக்கு அன்று கோபமே வந்தது. ஒரு பெரிய வியாழனுக்கு முந்தின கூட்டத்தில் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது பேதுரு கால்களை இழுத்துக்கொண்டதைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்தியவர் நீங்கள்தான். பிறர் காலைக் கழுவுவது சுலபம், தன் காலைப் பிறர் கழுவ விடுவதற்குத்தான் மிகுந்த தாழ்மை வேண்டும் என்றீர்கள். நாங்கள் குறிப்பெடுத்துக்கொண்டோம். அந்தப் பாடம் உங்களுக்கும் சேர்த்துத்தான், டீச்சரம்மா. வாங்கிக்கொள்ளத் தெரியாதவர்கள் நிறைந்த சபையில் கொடுக்கிறவர்கள் யாருக்குக் கொடுப்பார்கள்? அன்று நான் சிலிண்டரைக் கூச்சப்பட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால், நமக்குள் இந்த உறவே ஏற்பட்டிருக்காது.

ஆகவே சில காரியங்களை உரிமையோடு சொல்கிறேன்.

நம் சபை ஆயர் எழுதிக்கொடுக்கும் சபை மாற்றுக் கடிதத்தைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தாதீர்கள். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்குள்ள ஆயரிடம் கொடுத்துவிடுங்கள். அறிவிப்புகளின்போது புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னால், நில்லுங்கள். பெயரையும் மகன் வீடு இருக்கும் தெருவையும் சத்தமாகச் சொல்லுங்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்ட குரல் அது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிறன்று அவர்களுக்கு வர முடியாவிட்டால், காரில் வருகிற ஒரு குடும்பத்திடம் போகிற வழியில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். கேளுங்கள் என்று சொல்கிறேன்; அவர்களாகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய நகரத்தில் மனிதர்களுக்கு மனமில்லாமல் இல்லை, பக்கத்து வீட்டில் என்ன குறை என்று தெரிவதில்லை.

ஆராதனையில் எனக்கு ஏற்பட்ட திகைப்பு உங்களுக்கு இருக்காது என்று நினைக்கிறேன். கோயம்புத்தூருக்கு 1830-இல் வந்தது லண்டன் மிஷன். அமெரிக்கன் மிஷனைப் போல அதுவும் காங்கிரகேஷனல் வழிதான், நம் மதுரைப் பழக்கத்துக்கு நெருங்கிய உறவு. தமிழ் ஆராதனைக்கு உப்பிலிபாளையம் இம்மானுவேல் ஆலயம் இருக்கிறது. மகன் வீட்டுக்குப் பக்கத்தில் சிறிய சபை ஒன்று இருந்தால் அதற்கே போங்கள் என்பது என் எண்ணம். சிறிய சபையில் ஒருவர் வராவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

ஞாயிறன்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஓய்வுநாள் பள்ளிக்கு ஆள் இல்லை என்று அறிவிப்பு வந்தால் உங்கள் கை தானாக உயர்ந்துவிடும். வேண்டாம். முதல் சில மாதங்களுக்கு எதையும் தூக்கிச் சுமக்காதீர்கள். யாராவது குழம்பு கொண்டுவந்தால், அன்றைக்கே அந்தப் பாத்திரத்தில் ஏதாவது போட்டுத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. வாங்கி வையுங்கள், சாப்பிடுங்கள், நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். நிலவேம்பு, மூட்டுவலித் தைலம், இரவில் துணை, எது வேண்டுமானாலும் அவர்களிடம் கேளுங்கள். உங்களுக்கு ஒன்று செய்தோம் என்ற சந்தோஷம் அந்த ஊரில் நாலு பேருக்குக் கிடைக்கட்டும். எங்களுக்கு அது போதுமான அளவு கிடைக்கவில்லை.

கைப்பிடி அரிசிக் கணக்கு நோட்டை என்னிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். போன மாதம் செல்லூரில் ஒரு வீட்டுக்கு முதல் பை போயிற்று. விருதுநகர்ப் பக்கமிருந்து வேலை தேடி வந்த குடும்பம், நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர், கிறிஸ்தவர்களும் அல்லர். நோட்டில் உங்கள் கையெழுத்தில் அப்படிப் பல பெயர்கள் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்தேன். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை சாமான் கட்ட நாங்கள் வருகிறோம். பீரோவைத் தனியாகக் காலி செய்துவைக்க வேண்டாம். பித்தளை அண்டாவை விற்றுவிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். விற்காதீர்கள், ஐக்கிய விருந்துக்குச் சபை வைத்துக்கொள்ளும், செயலாளரிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு என் கணவர் ஆட்டோவோடு உங்கள் வாசலில் இருப்பார், ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்புவார். ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தாயிற்று. மதியச் சாப்பாடு என் மகள் கட்டித் தருகிறாள். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பி.பி.குளத்திலிருந்து உங்கள் மகள்