கேமராவுக்காக போர்ட்டைத் திறந்துவிடாதே

அன்புள்ள மாப்ள,

உன் கடிதத்துக்குப் பதில் போட இப்போதுதான் நேரம் வாய்த்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நான் ஓசூருக்கு வந்தபிறகு திண்டுக்கல் போவது வாரக் கடைசியில் மட்டும்தான், ஆனால் கடையின் டேலி கணக்கெல்லாம் அங்கே வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது, ராத்திரி சாப்பிட உட்காரும்போது அப்பா போன் போட்டு "அந்த ஜிஎஸ்டி பில்லை ஒரு தடவை பார்த்துடேன்" என்பார். அதற்காகத்தான் வீட்டில் விபிஎன் போட்டேன், அதாவது வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய ஒரு தனிவழி.

நீ கேட்டதுக்கு வருகிறேன். ஊர் வீட்டுக் கேமராவைப் பார்க்க ரவுட்டரில் போர்ட், அதாவது இணையத்திலிருந்து உள்ளே வர ஒரு வாசல், திறந்துவிட்டால் போதாதா என்கிறாய். வேண்டாம்டா. திறந்த போர்ட்டைத் தேடிக்கொண்டு இணையத்தில் ஏதாவது ஒரு நிரல் எந்நேரமும் கதவு தட்டிக்கொண்டேதான் இருக்கும். 2016-ல் மிராய் என்ற தீநிரல் வந்ததே, கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் அது கூட்டம் கூட்டமாகப் பிடித்தது.

நான் ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரில் வயர்கார்டு என்ற விபிஎன் நிரலைப் போட்டிருக்கிறேன். 2020-ல் வந்த லினக்ஸ் 5.6-லிருந்து அது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. பாஸ்வேர்டு கிடையாது, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஜோடிச் சாவி (நீளமான எழுத்துக் கோவைகள்), தெரியாத சாவியோடு எவன் வந்தாலும் பதிலே பேசாது. பாதுகாப்புக்கு இது அருமை, சோதித்துப் பார்க்கிறவனுக்குத்தான் தலைவலி, ஏனென்றால் சாவியில் ஒரு எழுத்து மாறிப்போனாலும் பிழைச் செய்தி எதுவும் வராது, சும்மா மௌனம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி, அதாவது இணையப் பக்கத்தில் அதற்குக் கிடைத்த முகவரி, என்ன என்று பார். அது 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீ சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறாய், அதாவது இணைப்புக் கம்பெனி பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது, ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்துவிட்டாலும் பிரயோஜனம் இல்லை. எங்கள் இணைப்பும் அப்படித்தான். கஸ்டமர் கேரில் கேட்டால் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் சார் என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை! நல்லவேளையாக ஐபிவி6 என்ற புதுவகை முகவரி தந்திருக்கிறார்கள், அதில் வெளியிலிருந்து நேராக வீட்டுக்கு வரலாம், ரவுட்டரின் ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல்) வயர்கார்டு பயன்படுத்தும் யுடிபி 51820 போர்ட்டை மட்டும் அந்த ராஸ்பெர்ரி பைக்குத் திறந்துவிட்டேன். முகவரி அவ்வப்போது மாறும் என்பதால், மாறும் முகவரிக்கு மாறாத பெயர் தரும் டக்டிஎன்எஸ் சேவையில் ஒரு பெயர். ஆபீஸ் வைஃபையில் ஐபிவி6 இல்லை, அங்கே மட்டும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை. அதுவும் உள்ளே வயர்கார்டுதான், சாவி மாற்றிக்கொள்ள அவர்கள் சர்வர் வேண்டும். உனக்குப் பொறுமை இல்லையென்றால் நேரே அதையே போட்டுக்கொள்.

சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார், வீட்டு வைஃபையிலேயே உட்கார்ந்து சோதித்தால் ஒன்றும் தெரியாது. ராஸ்பெர்ரி பையில் 'டபிள்யூஜி ஷோ' என்ற கட்டளை கொடுத்தால் கடைசியாக எப்போது ஹேண்ட்ஷேக் (இரு பக்கமும் சாவி சரிபார்த்துக் கைகுலுக்குவது) நடந்தது என்று காட்டும். அந்த வரியே வரவில்லையா, சாவியையும் ஃபயர்வாலையும் பார். வந்தும் ஒன்றும் திறக்கவில்லையா, ஐபி ஃபார்வர்டிங்கையும் (வருவதை வீட்டின் மற்ற கருவிகளுக்குக் கடத்தும் அமைப்பு) அலவுட் ஐபீஸையும் (எந்த முகவரிகள் இந்த வழியாகப் போகலாம் என்ற பட்டியல்) பார். இன்னொன்று, நீ தங்கியிருக்கும் இடத்தில் வைஃபை முகவரிகள் 192.168.1 என்று தொடங்கி, ஊர் வீட்டிலும் அதே 192.168.1 என்றால் லேப்டாப் குழம்பிப்போகும், வீட்டு ரவுட்டரில் அந்த எண்ணை முதலிலேயே மாற்றிவிடு. எனக்கு நடந்ததுதான் விசித்திரம்: இணைப்பைச் சோதிக்கும் பிங் ஒழுங்காகப் போகிறது, வீட்டுக் கம்ப்யூட்டரின் திரையை இங்கே காட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரையோடு நிற்கிறது. சின்னத் தரவுப் பாக்கெட் போகிறது, பெரியது வழியில் விழுகிறது. எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 1420 பைட்டிலிருந்து 1280-க்கு இறக்கியதும் டேலி பளிச்சென்று வந்தது.

அப்புறம் கடைசியாக, ராஸ்பெர்ரி பையின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி மாட்டிப் பார். அங்கே கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும், தானாக எழுந்து வராத விபிஎன்னுக்காக அப்பாவைப் போனில் கட்டளை தட்டச் சொல்ல முடியுமா?

உன் வான் ஐபியின் முதல் இரண்டு எண்ணை மட்டும் அனுப்பு, மீதி வேண்டாம். பொங்கலுக்கு ஊருக்கு வருவாய் அல்லவா, அந்தப் பழைய லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வா, அதிலேயே உனக்கும் ஒன்று போட்டுவிடலாம். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள