சீசர் கட்டுரையில விட்டுப்போன பாம்ப்பி

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த சீசர் கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா ரோம் தளபதி பாம்ப்பி சீசர்கிட்ட தோத்து எகிப்துக்கு ஓடினார்னு ஒரே வரில முடிச்சுட்டது மனசுக்கு கஷ்டமா போச்சு சார்.

கி.மு. 83ல ரோம் ஆட்சிய புடிக்க சுல்லாங்கிற தளபதி படையோட இத்தாலில வந்து எறங்கினப்ப பாம்ப்பிக்கு வயசு 23தான், எந்தப் பதவியும் கெடையாது. அவங்க குடும்பத்துக்கு செல்வாக்கு இருந்த பிசேனம் பகுதில யாரையும் கேக்காம தானே ஆள் சேத்து மூணு லீஜியன் (ஒண்ணொண்ணும் சில ஆயிரம் பேர் இருக்கற ரோமப் படைப்பிரிவு) திரட்டிகிட்டு போய் சுல்லா பக்கம் நின்னார். அப்பா சொத்து கேஸ்ல தனக்காகப் பேசின, அப்பறம் சுல்லாவுக்கு எதிரியா நின்ன கார்போவையே சிசிலில சங்கிலி போட்டு கொண்டுவந்து விசாரிச்சு கொன்னார். இளம் கொலகாரன்னு அவருக்கு பட்டப்பேரே இருந்துச்சு, அத நான் மறைக்கல. அப்பறம் கி.மு. 67ல கடல் கொள்ளக்காரங்கள மூணே மாசத்துல அடக்கினது, கிழக்குல மித்ரிடேட்ஸ்ங்கிற ராஜாவ ஒடுக்கினதுன்னு எல்லாமே தன் இஷ்டத்துக்கு முடிவெடுத்து ஜெயிச்சதுதான்.

அப்பேர்ப்பட்ட ஆளு 57 வயசுல அடுத்தவங்க பேச்ச கேட்டு கெட்டாரே, என் ஆதங்கமே அதுதான். கி.மு. 48ல சீசரோட நடந்த உள்நாட்டுப் போர்ல, டிராக்கியம்ங்கிற துறைமுகத்துகிட்ட சீசரோட ஆளுங்க சோறு தண்ணி இல்லாம ஏதோ கெழங்கு வேர இடிச்சு ரொட்டி சுட்டு தின்னாங்க, அந்த ரொட்டி ஒண்ணு பாம்ப்பி கைக்கு வந்தப்ப, நாம மிருகங்களோட சண்ட போடுறோம்னு சொல்லி, தன் ஆளுங்க கண்ணுல படாம ஒளிச்சு வெக்க சொன்னார். எதிரி எப்படிப்பட்டவன்னு அவருக்கு அவ்ளோ தெளிவா தெரிஞ்சிருக்கு. நேருக்கு நேர் மோதாம பட்டினி போட்டே கரைச்சிடலாம்னுதான் நெனச்சார். ஆனா கூட இருந்த செனட்டர்ங்க விடல, இவர் பதவி ஆசைல வேணும்னே போர இழுக்குறார்னு குத்திக் காட்டினாங்க, ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே சீசரோட தலைமைப் பூசாரி பதவி யாருக்குன்னு அடிச்சுகிட்டாங்க. கடைசில கிரீஸ்ல பார்சலஸ்ங்கிற எடத்துல சண்டைக்கு எறங்கினார். இவர்கிட்ட குதிரப்படை 7,000, சீசர்கிட்ட 1,000, இருந்தும் சீசர் பின்னாடி மறைச்சு வெச்சிருந்த காலாட்படை அந்தக் குதிரப்படைய செதறடிச்சிடுச்சு. அத பாத்ததும் மனுஷன் பேச்சே இல்லாம கூடாரத்துக்குள்ள போய் உக்காந்துட்டார்.

தோத்து எகிப்துக்கு ஓடினவர கப்பல்ல இருந்து கரைக்கு ஏத்திகிட்டு போக எகிப்து ராஜா பக்கத்து ஆளுங்க கொண்டுவந்த சின்னப் படகுல அவருக்குக் கீழ வேல பாத்த செப்டிமியஸும் இருந்தான். நீ என்கூட இருந்த ஆளுதானன்னு கேட்டார், அவன் வாயத் தொறக்காம தலைய மட்டும் ஆட்டினான். இவர் எகிப்து ராஜாகிட்ட பேசறதுக்கு கிரேக்கத்துல எழுதி வெச்சிருந்தத எடுத்து படிச்சுகிட்டே வந்தார், கர வந்ததும், தன்கிட்ட அடிமையா இருந்து விடுதலையான பிலிப் கைய புடிச்சு எந்திரிச்சப்ப செப்டிமியஸ்தான் பின்னாடி இருந்து மொதல்ல குத்தினான். பொண்டாட்டி கொர்னீலியா கப்பல்ல இருந்து பாத்துகிட்டே இருந்தாங்க. செப்டம்பர் 28, அவரோட 58வது பொறந்தநாளுக்கு மொத நாள்.

தலைய வெட்டி எடுத்துட்டு ஒடம்ப அப்படியே கரைல போட்டுட்டு போயிட்டாங்க. பிலிப்தான் கடல் தண்ணில கழுவி, தன் துணிய சுத்தி, ஒடஞ்சு கெடந்த மீன் படகு பலகைங்கள பொறுக்கி சிதை அடுக்கினான். அப்ப பாம்ப்பிகிட்ட சின்ன வயசுல சிப்பாயா இருந்த ஒரு வயசான ரோமானியர் அந்தப் பக்கம் வந்து, நானும் ஒரு கை குடுக்கறேன்னு கேட்டு கூட நின்னார். அந்தப் பெரியவர பத்தியாவது அடுத்த இதழ்ல நாலு வரி போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்